பச்சைத் தாவணிப் படம்

உப்பள வரப்பில் நின்று அவன் போனை நீட்டியதுமே சாலம்மாளுக்குப் படத்தில் இருப்பது யாரென்று தெரிந்துவிட்டது.

படத்தில் சத்யப்ரியா பச்சைத் தாவணியில், பெருமுக்கல் மலைக்கோயில் படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். சாலம்மாளின் தங்கை மகள். இந்தப் படத்தை அவள் உலகத்திலேயே ஒரே ஒரு ஆளுக்குத்தான் அனுப்பியிருந்தாள்.

அந்த ஆளின் பெயர் தமிழ்நிலா; போனில் மட்டுமே பழக்கம். புரொஃபைலில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ.

பொம்பளைப் பிள்ளைதானே என்று நம்பி மூன்று மாதம் மனசு விட்டுப் பேசினாள். வேலை பார்க்கும் ஜவுளிக்கடை, பெரியம்மா ஊர், தங்கச்சி பெயர், ஒன்று பாக்கியில்லாமல் சொன்னாள். நான்காம் மாதம் ரோஜாப்பூ புத்தியைக் காட்டியது. கூப்பிட்ட இடத்துக்கு வராவிட்டால் இந்தப் படத்தை அசிங்கமாக மாற்றி ஊரெல்லாம் அனுப்புவேன் என்றது.

வேலையை விட்டாள், சிம்மை மாற்றினாள், திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வந்து பெரியம்மா வீட்டில் ஒண்டிக்கொண்டாள். போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தார்கள். ஐடி போலி, ஆள் யாரென்று ஒரு துப்பு கிடைத்தால் போதும் என்று போலீஸ்காரர்கள் சொல்லி அனுப்பினார்கள்.

அந்தத் துப்பு இப்போது பைக்கில் வந்து வரப்பின் மேல் நிற்கிறது. கூலிங்கிளாஸ் வேறு.

எப்படி வழி கண்டுபிடித்தான் என்று சாலம்மாள் யோசிக்கவே தேவையில்லை. உப்பு சுமக்கும் பெண்களின் வரிசையில் நின்ற அவள் மகள் அஸ்வினி தலையைத் தொங்கப் போட்டிருந்தாள். ‘அக்காவும் நானும்’ என்று போன வாரம் உப்பளத்தில் ஒரு வீடியோ எடுத்துப் போட்டவள் அவள்தான். திட்டியதற்கு, முகம்தான் தெரியவில்லையே என்று சாதித்தாள்.

முகம் தெரியாதது உண்மைதான். வெயில் உப்பில் பட்டுத் தெறித்தால் முகமெல்லாம் எரியும். அதனால் எல்லாருக்கும் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையைச் சுற்றி, கண் மட்டும் தெரிய, மூக்கு வரை துண்டு. ஆனால் பின்னால் கொட்டகைச் சுவரில் உப்பளத்தின் பெயர் ஆளுயர எழுத்தில் இருந்தது. ஆளுக்கெல்லாம் முக்காடு போட்டவர்கள் சுவருக்குப் போட மறந்துவிட்டார்கள்.

கடையில் அந்தப் பெண்ணின் சர்ட்டிஃபிகேட் கிடக்கிறது, நேரில்தான் கொடுக்க வேண்டும் என்று அவன் கதை சொன்னான். பிறகு உப்புக் கூடையோடு நின்ற ஒவ்வொருத்தியின் கண்ணுக்கு நேராகவும் போனை நீட்டினான்.

ஒவ்வொருத்தியும் உற்றுப் பார்த்தாள். ஒவ்வொருத்தியும் தெரியாது என்று தலையை ஆட்டினாள். மாரியம்மாள் மட்டும் ஒரு படி மேலே போய், பொண்ணு லட்சணமா இருக்காளே, எந்த ஊரு என்று அவனையே விசாரித்தாள்.

சாலம்மாளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஊர்க்கதை பேசாமல் ஒரு கூடை உப்பு சுமக்காத பொம்பளைகள் இவர்கள்.

அவன் விடவில்லை. சாலம்மாளின் நம்பரைக் கேட்டான். பத்து எண்ணும் அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் வரும்.

"என் நம்பரு எனக்கே தெரியாது தம்பி. உங்க நம்பர சொல்லுங்க, அந்தப் பொண்ணு இந்தப் பக்கம் வந்தா நானே போன் பண்றேன்."

இது கைநாட்டு என்று முடிவு கட்டிய சிரிப்பு ஒன்று அவன் முகத்தில் வந்தது. பெயர் அசோகன் என்றான். நம்பரை நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

சாலம்மாள் இடுப்பிலிருந்த போனை எடுத்துப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தாள். உப்புத்தண்ணீர் பட்ட விரலுக்குப் போன் மசியாது. அவள் விரலைச் சட்டையில் இரண்டு தரம் துடைத்துவிட்டு அடித்தாள். அவன் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, கடைசி எண் ஏழு இல்லை ஒன்று என்று திருத்தினான். அவள் திருத்திக் காட்டினாள்.

பைக் இ.சி.ஆர். ரோட்டில் ஏறி மறையும் வரை யாரும் அசையவில்லை.

அப்புறம் சாலம்மாள் போனை வைத்திருந்தவளுக்குக் கண்ணைக் காட்டினாள். சென்னையில் இருக்கும் மகன் பணம் அனுப்புவதற்காக அவள் போனில் ஏற்றிக் கொடுத்த ஆப் ஒன்று உண்டு. அதில் ஒரு நம்பரைப் போட்டால் பேங்கில் இருக்கிற பெயர் வந்து நிற்கும். வாயால் பெயரை மாற்றிச் சொல்லலாம். நம்பரை மாற்றிச் சொன்னால் பொண்ணு வந்த சேதி அவனுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

அவள் அந்த ஆப்பில் நம்பரைப் போட்டதும் பெயர் வந்தது. அரவிந்தன் தேவநாதன். பக்கத்திலேயே, கூலிங்கிளாஸ் இல்லாமல், அவன் முகம்.

"தமிழ்நிலாவோட அப்பன் பேரு தேவநாதனாம்டி" என்றாள் சாலம்மாள்.

வரிசை முழுக்கச் சிரித்தது. அஸ்வினி மட்டும் அழுதாள். சாலம்மாள் அவள் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, அந்தக் கையாலேயே அணைத்துக்கொண்டாள்.

நம்பரை அடித்தவள் சிரிக்கவில்லை. போனைப் பெரியம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூக்குவரை இருந்த துண்டை இறக்கினாள்.

பச்சைத் தாவணியில் இருந்த அதே முகம்.

"வா பெரிம்மா, ஸ்டேஷனுக்குப் போலாம்" என்று வரப்பில் முன்னால் நடந்தாள். துண்டை மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.