உயரமான வண்டி

இந்த மாதம் ராஜேஷ் ஒரு வண்டிகூட விற்கவில்லை. அதனால் ஷோரூமிலேயே உயரமான டபுள் கேப் பிக்கப்பை அமிர்தி மலையடிவாரத்துக்கே ஓட்டி வந்திருந்தான்.

"பாறை மேல போனாலும் அடி தட்டாது சார். டிரைவரோட அஞ்சு பேர் உக்காரலாம். கடப்பாரை, மம்பட்டி எல்லாம் பின்னாடி போட்டுக்கலாம்."

மரக்கன்று நடக் குழி எடுக்கும் கான்ட்ராக்டர் சூரியபிரகாஷ் வண்டியைச் சுற்றி வந்தார்.

"எல்லாம் சரிதான். ஒசரம்தான் ஜாஸ்தி. ஏற ஒரு படிகூட இல்லியே."

ராஜேஷ் சிரித்தான்.

"இன்னா சார், நாள் முழுக்கக் கடப்பாரை போடற ஆளுங்க. ஒரே தாவுல ஏறிடுவாங்க."

"அத அவங்களே பாத்துச் சொல்லட்டும்" என்று சூரியபிரகாஷ் மலைப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

கடப்பாரையைத் தோளில் சாய்த்தபடி நாலு பெண்கள் இறங்கி வந்தார்கள். முன்னால் வந்த மீனாம்பாள் கதவைத் திறந்து சீட்டின் உயரத்தைப் பார்த்தாள். இடுப்பில் தூக்கிச் செருகியிருந்த புடவையை இறக்கிவிட்டுக்கொண்டு ராஜேஷிடம் திரும்பினாள்.

"வண்டி நல்லாத்தான் இருக்குது தம்பி. நீ ஒரு தடவ புடவை கட்டிக்கினு ஏறிக் காட்டு, வாங்கிக்கலாம்."

ராஜேஷ் தன் பேன்ட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு ஷோரூமுக்குப் போன் போட்டு, படி வைத்த வண்டியைக் கேட்டான்.