வலது பாக்கெட்டின் முக்கோணம்

மூன்று மணிக்குள் ஆதாரம் அனுப்ப வேண்டும். இப்போது இரண்டு முப்பத்தைந்து.

"பணம் கட்டினேன், பாடம் எதுவும் வரவில்லை" என்று என் இணையத் தையல் வகுப்பில் சேர்ந்த ஒருவர் தன் வங்கியில் புகார் கொடுத்திருக்கிறார். வங்கி பணத்தை என்னிடமிருந்து பிடுங்கி அவரிடம் கொடுத்துவிட்டது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பாடம் வரவில்லையாம். பன்னிரண்டு வீடியோவையும் கடைசி நொடிவரை பார்த்த பதிவு என் திரையில் இருக்கிறது. ஏழாவதை மட்டும் நான்கு முறை பார்த்திருக்கிறார்.

அந்தப் பதிவை அனுப்பினேன். வீடியோ ஓடியது சரி, அதைப் பார்த்தது இவர்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று திருப்பிக் கேட்டார்கள், பணம் வசூலித்துத் தரும் நிறுவனத்தார். நான் என்ன அவர் வீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டா இருந்தேன்?

புகார் கொடுத்தவர் யார் என்றும் சொல்ல மாட்டார்கள். வகுப்பில் அவர் வைத்துக்கொண்ட பெயர் மழைத்துளி.

மழைத்துளியாம். என் தலையில் விழுந்தது இடி.

இது மூன்றாவது புகார். முந்தைய இரண்டு பேரும் இதேபோல முழுசாகப் பார்த்துவிட்டுக் கையை விரித்தவர்கள்தான். இரண்டிலும் தோற்றேன். மூன்றிலும் தோற்றால் என் பக்கத்தையே மூடிவிடுவார்கள். இரண்டு வருடமாக இந்தச் சாப்பாட்டு மேஜையில் மிஷினையும் கேமராவையும் வைத்து ஒண்டியாக உண்டாக்கிய வகுப்பு இது.

நேற்று வந்திருந்த நாத்தனாரிடம் புலம்பினேன். இன்டர்நெட்டில் இதெல்லாம் சகஜம், விடுங்கள் என்று டீயைக் குடித்தாள். பக்கத்தை மூடிவிடுவார்கள் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. புகுந்த வீட்டாரிடம் நம் கை இறங்கியதை எதற்குக் காட்டிக்கொள்வது?

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. வகுப்பு தொடங்கியபோது, நம் வீட்டுப் பெண்ணாயிற்றே என்று, சும்மாவே வந்து சேர்ந்துகொள் என்றேன். எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேற்று என் மகளுக்கு ஒரு கவுன் கொண்டுவந்தாள். தானாகவே கற்றுக்கொண்டு தைத்தாளாம். இருந்த தலைவலியில் மடிப்பைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவைத்தேன்.

அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு இப்போது மகள் வந்து நின்றாள். பாக்கெட்டுக்குள் கை போகவில்லை என்று சிணுங்கினாள். அப்புறம் வா என்று கத்தினேன். அவள் அசையவில்லை. எரிச்சலோடு திரும்பினேன்.

வலது பாக்கெட் வாயின் ஓரத்தில் ஒரு குட்டி முக்கோணத் துணி. இடது பாக்கெட்டில் அது இல்லை.

உலகத்தில் எந்தத் தையற்காரியும் அப்படி ஒன்றை வைக்க மாட்டாள். நான் வைத்தேன். ஏழாவது பாடத்தில், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே, வலது பாக்கெட் வாயை ஒரு அங்குலம் கூடுதலாக வெட்டிவிட்டேன். தப்பு என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. மிச்சத் துணியில் ஒரு முக்கோணம் வெட்டி அதை மறைத்து, இது அழகுக்கு என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். நான்கு நாளில் எனக்கே வெட்கமாகி, அந்த வீடியோவை எடுத்துவிட்டு வேறு போட்டேன்.

மழைத்துளி சேர்ந்த இந்தக் கவுன் வகுப்பு புதிது. அந்த நான்கு நாளில் ஏழாவது பாடம்வரை வந்திருந்தது ஒரே ஒருத்தி, அந்த மழைத்துளி.

சரியாக வெட்டிய பாக்கெட் வாயில் முக்கோணத்தை வைத்து அடைத்தால் குழந்தையின் கை எப்படிப் போகும்?

சும்மாவே தருகிறேன் என்றேனே. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வேறு பெயரில் சேர்ந்து, முழுசாகக் கற்றுக்கொண்டு, பணத்தையும் பிடுங்கிக்கொண்டு, நேற்று என் எதிரில் உட்கார்ந்து என் டீயையும் குடித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

மகளை நிற்கவைத்து, முக்கோணம் மட்டும் தெரியும்படி ஒரு படம் எடுத்தேன். இரண்டு நாற்பத்தெட்டு.

இதை அனுப்பினால் ஜெயித்துவிடலாம். ஆனால் படத்தோடு அவள் யார் என்று எழுத வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வருகிறவரிடம், உங்கள் தங்கை பொய்ப்புகார் கொடுத்தவள் என்று சொல்ல வேண்டும். அந்தச் சண்டை எந்த மூன்று மணிக்கும் முடியாது.

படத்தை நாத்தனாருக்கு அனுப்பினேன். நேற்று விழுங்கியதைக் கீழே ஒரே வரியாக எழுதினேன்.

"மூணு மணிக்குள்ள இது தீரலேன்னா என் வகுப்பையே மூடிடுவாங்க."

படித்துவிட்டாள் என்று காட்டியது. பதில் வரவில்லை.

இரண்டு ஐம்பத்தைந்து. அவள் பெயரை எழுதி, படத்தையும் இணைத்து, அனுப்பும் பொத்தானின் மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னும் இரண்டு நிமிடம்தான் பொறுப்பேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு ஐம்பத்தேழுக்கு மின்னஞ்சல் வந்தது. புகார் திரும்பப் பெறப்பட்டது. காரணம்: தவறுதலாகக் கொடுக்கப்பட்டது.

எழுதியதை அழித்தேன். வகுப்பு பிழைத்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டும். எனக்கு வயிறுதான் எரிந்தது. ஊரை ஏமாற்றியவளிடம் ஒரு மன்னிப்பு கூடவா இல்லை என்று நினைக்கும்போதே போன் சிணுங்கியது.

"அது அழகுக்குன்னு நீங்கதானே அண்ணி சொன்னீங்க."