மீட்டிங் ரூம் போர்டு

"என்னம்மா, இப்பதான் விடிஞ்சுதா உனக்கு?"

மேனேஜரின் அதட்டலில், ஆபீசைப் பெருக்கித் துடைக்கும் அம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மணி ஒன்பது. எட்டரைக்கே வந்திருக்க வேண்டும்.

"பொண்ணுக்கு ராத்திரியெல்லாம் ஜுரம் சார். அதான்..."

"காரணமெல்லாம் வேண்டாம். டேபிள் மேல வார்னிங் லெட்டர் இருக்கு, கையெழுத்துப் போடு. இன்னொரு தடவை லேட்டானா வேற இடம் பார்த்துக்க வேண்டியதுதான்."

மேனேஜரின் எரிச்சலுக்கு உண்மையான காரணம் வேறு. பத்து மணிக்கு எம்.டி. வருகிறார். மீட்டிங் ரூம் வெள்ளை போர்டிலோ, யாரோ கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள்:

'மேனேஜருக்கு வாய் ரெண்டு. காது ஒண்ணுகூட இல்லை.'

அதுவும் அழியாத மார்க்கரில்.

அவரால் நம்பவே முடியவில்லை. இந்த ஆபீசுக்கு வந்து இரண்டு வருஷம். "என்னைப் பத்தி ஒருத்தர் ஒரு வார்த்தை தப்பாப் பேசினதில்லை, தெரியுமா?" என்று மனைவியிடம் வாரம் ஒரு முறையாவது மார்தட்டுகிறவர். அதற்கு மனைவி பதில் சொன்னதாக மட்டும் அவருக்கு ஞாபகம் இல்லை.

எழுத்து டஸ்டருக்கு மசியவில்லை. தண்ணீருக்கும் மசியவில்லை. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்து வந்து வீரமாகத் தேய்த்தார். 'மே' கொஞ்சம் மங்கியது. போர்டு நிறையவே கீறிப்போனது.

அம்மாள் ஓடி வந்தாள். "கம்பி நார் போடாதீங்க சார். வழவழப்பு போயிட்டா, அப்புறம் எதை எழுதினாலும் ஒட்டிக்கும்."

"பின்னே? எம்.டி.க்குப் படிச்சுக் காட்டச் சொல்றியா?"

"அழியற மார்க்கரால அந்த எழுத்து மேலேயே எழுதுங்க சார். காயறதுக்குள்ள துடைச்சா ரெண்டும் சேர்ந்து வந்துடும். நான் போய் டிரைவர்கிட்ட கார் பாலிஷ் வாங்கிட்டு வர்றேன். கீறலுக்கு அதான் மருந்து."

வேறு வழி? மேனேஜர் எழுதினார். 'வாய் ரெண்டு' வரைக்கும் கை மளமளவென்று ஓடியது. 'காது' வந்தபோது வேகம் குறைந்தது. பழக்க தோஷம், கடைசிப் புள்ளியைக்கூட விடாமல் அழுத்தி வைத்தார்.

நிமிர்ந்தால், கண்ணாடிக் கதவுக்கு வெளியே கேஷியர். மேனேஜர் தன்னைப் பற்றித் தானே அழகாக எழுதிக்கொண்டிருப்பதை ஒரு நிமிஷம் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, எதையும் பார்க்காதவர் போல நகர்ந்துவிட்டார்.

மேனேஜர் அவசர அவசரமாகத் துடைத்தார். வாயும் காதும் ஒன்றாகக் காணாமல் போயின.

அம்மாள் பாலிஷைத் துணியில் தொட்டுக் கீறல் மேல் வட்ட வட்டமாகத் தேய்த்தாள். போர்டு பளபளவென்று ஆனது. மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வாயும் வந்தது.

"சரி, போய் அந்த லெட்டர்ல கையெழுத்தைப் போடு. ஆமா, உனக்கு எப்படி இந்த வித்தையெல்லாம் தெரியும்?"

அம்மாள் துணியை மடித்தபடி தயங்கினாள்.

"ரெண்டு வருஷமா தினம் நீங்க வர்றதுக்கு முன்னாடி நான்தானே சார் அழிக்கறேன். இன்னிக்கு ஒருநாள்தான் அரை மணி லேட்டாயிடுச்சு."