ஆதரவற்றவன்

"இவனுக்கு நான் ஒரு வாய் சோறுகூடப் போடுறதில்லீங்க," என்று ரெவின்யூ இன்ஸ்பெக்டர் முன்னால் சொன்னேன். தெருவுக்கே கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

இராஜாங்கம் என் கூடப்பிறந்த தம்பி. கூலியாட்கள் சங்கத்துக் கொட்டகையில், கிழிந்த சாக்கின் மேல், என் காலடியில் கிடந்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய் ஏழு வருஷம் ஆகிறது.

நான் சொன்னதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அப்படிச் செய்யச் சொல்லியிருந்ததும் நான்தான்.

நடக்க முடியாதவர்களுக்கு மாதம் இருபது ரூபாய் சர்க்கார் மணியார்டரில் அனுப்புகிறது. ஆனால் வைத்துக் காப்பாற்றச் சொந்தக்காரர் ஒருத்தரும் இருக்கக் கூடாது. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதும் அப்துல் மஜீது பாய்தான் இதைச் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பேனாவுக்கு மை போட்டார்.

அக்காள் இருந்தால் பணம் கிடையாதாம். சரி, அக்காள் இல்லை என்று வைத்துக்கொள்ளட்டும்.

மூன்று நாளைக்கு முன்பு நானும் என் வீட்டுக்காரர் வீரையனும் அவனைத் தூக்கிவந்து இந்தக் கொட்டகையில் போட்டோம். நாலு பேர் பார்க்க வேண்டுமே என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். செத்துத் தொலை என்றேன். பாதி நடிப்பு. மீதி நடிப்பில்லை. குறுவை கருகிப்போன வருஷம், என் இரண்டு பிள்ளைகளும் நீராகாரத்தைக் குடித்துவிட்டுச் சுருண்டு கிடக்கும்போது, படுத்தே கிடக்கும் ஒரு வயிற்றின் மேல் கோபம் வராதா?

தலையில் மண்ணை வாரிப் பூசினேன். முகத்தில் அடுப்புக்கரி. வேட்டியை நானே கிழித்தேன். மாமா என்று கூப்பிட்டால் சூடு வைப்பேன் என்று பிள்ளைகளை மிரட்டி வைத்தேன். கஞ்சியை மட்டும் முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன்.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பலிக்கிறது என்று நினைத்தேன்.

அவர் பக்கத்தில் கணக்குப்பிள்ளை வைத்தியலிங்கம் நின்றார். ஊருக்குக் கணக்கு எழுதுகிறவர். எழுதுவதெல்லாம் பண்ணைக்கு.

கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டு நாங்கள் அறுப்புக்குப் போகாமல் நின்றபோது, பண்ணை ஆட்கள் களத்துமேட்டில் வைத்து இராஜாங்கத்தின் நடுமுதுகில் அடித்தார்கள். தென்னையிலிருந்து விழுந்தான் என்று போலீசுக்கு எழுதிக் கொடுத்தவர் இந்தக் கணக்குப்பிள்ளைதான். நம்ம ஆட்சி வந்துவிட்டது என்று ஊர் ஊராக மைக் கட்டிச் சொன்ன அதே வருஷம். ஆட்சி மாறியது. கணக்குப்பிள்ளை மாறவில்லை.

அன்றைக்கு அவர் வாயைத் திறக்காமல் நின்றது எனக்குப் பிடிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். இருபது ரூபாய் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. ஒரு மாதத்துக்கு அரிசி, அவனுக்கு ஒரு நல்ல பாய் என்று மனசு ஓட ஆரம்பித்துவிட்டது.

"சார், ஒரு நிமிஷம். அவனக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க," என்றார் கணக்குப்பிள்ளை.

கூட வந்திருந்த தலையாரி அவனைக் காலால் தள்ளிக் குப்புறப் போட்டான்.

தலைக்கு மண் பூசினேன், முகத்துக்குக் கரி பூசினேன். முதுகை மறந்துவிட்டேன்.

அடிபட்ட இடத்தில் பழைய தழும்பு இருந்தது. மற்றபடி ஒரு புண் இல்லை, ஒரு சிவப்பு இல்லை. தேங்காயெண்ணெய் தேய்த்துத் தேய்த்துத் தோல் மினுமினுவென்று இருந்தது.

"ஏழு வருஷமாப் படுத்தே கெடக்குறவன் முதுகு சார் இது. ஒரு படுக்கப்புண்ணு இருக்கா? நடவுல நிக்கிறப்பவே மூணு தடவ ஓடியாந்து இவனப் பொரட்டிப் போட்டுட்டுப் போவா, இந்தக் காத்தாயி. அதுனால பண்ணையில அவளுக்கு அரைக்கூலிதான். இந்தக் காலத்துல எந்த அக்கா செய்வா, சொல்லுங்க?"

அந்தக் கணக்குப்பிள்ளை என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னது அன்றைக்குத்தான். அந்த நாக்கு அழுகிப்போக.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். மரியாதையாகத்தான் பார்த்தார். பிறகு 'ஆதரவு உண்டு' என்று எழுதினார். வேண்டுமானால் ஆறு மாதம் கழித்து மறுபடியும் மனுப் போடு என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

கணக்குப்பிள்ளை போன திக்கில் மண்ணை வாரித் தூற்றினேன். அதைத் தவிர வேறென்ன என் கையில் இருந்தது?

இராஜாங்கம் குப்புறவே கிடந்தான். அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு புண், காசளவுக்கு ஒரு புண் வந்திருக்கக் கூடாதா? அப்படித்தான் நினைத்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவனை மல்லாத்திப் படுக்க வைத்தேன். வீட்டுக்குத் தூக்கிப்போக வீரையனைக் கூப்பிட எழுந்தபோது என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான்.

"என்னைய இனிமே பொரட்டாதக்கா. ஆறு மாசந்தானே."

ஓங்கி அறைந்தேன். அவன் கன்னத்துக் கரி என் கையில் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் வடக்குவெளியில் சம்பா நடவு. சாயங்காலம் பண்ணை வாசலில் எனக்கு முழுக்கூலி அளந்தார்கள்.