சோம்பேறிக் கட்டு வேண்டாம்

"இதுல பூச்சி நிறைய வருமா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"வரவே வராதும்மா. வந்தா நான் கடையை மூடிடறேன்" என்று நெஞ்சை நிமிர்த்தினார் விதைக்கடைக்காரர்.

"அப்ப வேண்டாம்."

கத்தரி விதைப் பொட்டலம் மேஜை மேல் வழுக்கிக்கொண்டு அவரிடமே திரும்பி வந்தது. இருபது வருஷ வியாபாரத்தில் அவர் இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை.

முதல் முறையாக வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்கென்றே அவர் ஒரு கட்டு வைத்திருந்தார். விதையைத் தூவிவிட்டு ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தாலும் காய்த்துத் தொலைக்கும் நாலு ரகங்கள். கடையில் அதற்குச் சோம்பேறிக் கட்டு என்று பெயர். வருகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் வாங்கிப்போவார்கள். இந்த அம்மாளோ அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"தக்காளி காட்டுங்க."

"குட்டை ரகம் இருக்கும்மா. முழங்கால் உயரம்தான். குச்சி வேண்டாம், கிள்ள வேண்டாம். அது பாட்டுக்கு நிக்கும், நீங்க பாட்டுக்கு இருக்கலாம்."

அம்மாள் பொட்டலத்தின் முதுகிலிருந்த பொடி எழுத்தை வெறுங்கண்ணால் ஒரு வரி விடாமல் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வேற?"

"உயரமா ஏறுற ரகம் ஒண்ணு இருக்கு. அது பெரிய இம்சைம்மா. தினமும் பக்கக் கிளையைப் பாத்துப் பாத்துக் கிள்ளணும். குச்சியில கட்டிக்கிட்டே இருக்கணும். ரெண்டு நாள் அசந்தா காடாயிடும்."

அம்மாளின் முகம் மலர்ந்தது. "அதுல ரெண்டு பொட்டலம் குடுங்க."

கடைக்காரருக்குத் தலை கிறுகிறுத்தது. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எதற்கு என்று தெரியாமல் ஒரு விதையைக்கூட விற்று அவருக்குப் பழக்கமில்லை.

"பக்கத்து வீட்டோட ஏதாவது போட்டியாம்மா?"

"அவங்க வீட்டுல புல்லுகூட முளைக்காது."

"டாக்டர் உடம்பை வளைச்சு வேலை செய்யச் சொன்னாரா?"

"என் உடம்புக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கேன்."

"பின்ன ஏம்மா இப்படி? சுளுவா வளர்ற ரகம் கொட்டிக் கிடக்கு. தேடித் தேடித் தொல்லையா வாங்குறீங்களே?"

அம்மாள் சட்டென்று அடங்கிப்போனார். கண்ணில் நீர் திரண்டது. நிஜமாகவே பாவமாக இருந்தது.

"நான் ஆசைக்கு வரலைங்க. இந்தத் தோட்டம் மட்டும் சரியா அமையலைன்னா, நான் பெட்டியைக் கட்டிக்கிட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். முப்பத்தஞ்சு வருஷக் குடும்பம். பின்பக்கத்துல இருக்கிற அந்தப் பத்தடி மண்ணை நம்பித்தான் நிக்குது."

ஒரு குடும்பம் பத்தடி மண்ணை நம்பி நிற்கிறது என்றால் அதில் இடக்கு பண்ண அவர் யார்? கடைசி இழுப்பறையைத் திறந்தார். யாருமே கேட்காத விதைகள் அதில்தான் கிடந்தன. இழுத்த வேகத்தில் தூசி பறந்தது.

"இந்தச் சுரை. பூ சாயங்காலம்தான் விரியும். தேனீயெல்லாம் அதுக்குள்ள வீட்டுக்குப் போயிடும். ஆண் பூவைப் பறிச்சுப் பெண் பூவுல நாமதான் தடவி விடணும். தினமும்."

"சாயங்காலம் ஆச்சு. காலையில?"

"பூசணி. விடியும்போது விரியும், வெயில் ஏறினா மூடிக்கும். அதுக்கும் கைவேலைதான்."

"நல்லது. ஒரு பத்து மணிக்கு மேல?"

"பத்து மணிக்கு மேலயா?" கடைக்காரர் தாடையைச் சொறிந்தார். பஸ் நேரம் கேட்பதுபோல் செடிக்கு நேரம் கேட்கிற முதல் ஆள் இவர்தான். "காலிஃபிளவர் போடுங்க. ஒவ்வொரு பூவுக்கும் இலையை மடக்கிக் குடை மாதிரி கட்டணும், இல்லன்னா மஞ்சளாயிடும். அது போதாதுன்னு இலைக்கு அடியில புழு. பச்சை இலையில பச்சைப் புழு. ஒண்ணொண்ணாத் தேடிப் பொறுக்கணும்."

"அதுக்கு எவ்வளவு நேரமாகும்?"

"கண்ணு நல்லா இருந்தா ஒரு மணி நேரம். கண்ணாடி போட்டவங்கன்னா மூணு மணி நேரம் ஆகும்."

"கண்ணாடிதாங்க!" என்றார் அம்மாள், பரிசு விழுந்தவர் மாதிரி. "அதையே நிறையப் போடுங்க. மறக்காம பூச்சி வர்ற கத்தரி ஏதாவது இருந்தா அதுவும்."

எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொடுக்கும்போது கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. தெரிந்தே ஒரு வயசான பெண்மணியைச் சாகடிக்கிறோமோ என்று பயமாகக்கூட இருந்தது.

"தப்பா நினைக்காதீங்கம்மா. விடிஞ்சதுலேர்ந்து இருட்டுற வரைக்கும் தோட்டத்தை விட்டு ஒரு அடி நகர முடியாது. ஒத்தை ஆளா இதையெல்லாம் எப்படிப் பாப்பீங்க?"

"நானா?"

அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பல நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சை நிதானமாக விட்டார்.

"எங்க வீட்டுக்காரர் போன மாசம் ரிட்டயர் ஆயிட்டாருங்க."