ஹுஸ்னா டீச்சரின் பதில்

"இன்னிக்கு அந்த டீச்சரைக் குரூப்பை விட்டுத் தூக்கறேனா இல்லையா பாரு," என்று சொல்லிக்கொண்டேதான் டெலானிபூர் குவார்ட்டர்ஸ் வீட்டுக்குள் நுழைந்தார் சிவபிரகாஷ். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"எந்த டீச்சரை?" என்றாள் மனைவி நளினி.

"ஹுஸ்னா. குட்வில் எஸ்டேட்ல இருக்காங்களே, கம்ப்யூட்டர் டீச்சர்."

நளினிக்குப் புரிந்தது. அந்தமானில் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் வைத்திருக்கும் தமிழர்களுக்காகச் சிவபிரகாஷ் நடத்தும் வாட்ஸ்அப் குரூப் விவகாரம். பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ் சரிப்படும், எந்தப் பிரிண்டர் ஓடும் என்று ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளத்தான் அந்தக் குரூப். லினக்ஸ் வகைகளில் உபுண்டு உசத்தியா மின்ட் உசத்தியா என்று யாராவது கிளப்பிவிட்டால் போதும், உதவி போய்க் குடுமிப்பிடி வந்துவிடும். அட்மின் என்பதால் பஞ்சாயத்தும் சிவபிரகாஷ்தான்.

"அப்படி என்ன பண்ணிட்டாங்க?"

"ரங்கத்துல மருதாயினு ஒரு அம்மா, ஆன்லைன்ல அப்ளிகேஷன் போட்டுக் குடுக்கற கடை வெச்சிருக்காங்க. லேப்டாப்புல புதுசா மின்ட் போட்டிருக்காங்க, வைஃபை வரலை. காலேஜ் அப்ளிகேஷனுக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள், பசங்க வாசல்ல நிக்கறாங்க, யாராவது வழி சொல்லுங்கனு காலையில கேட்டிருந்தாங்க."

"பாவம். நீங்க சொல்ல வேண்டியதுதானே?"

"நெட்ல தேடினா கிடைக்கற விஷயம் அது. எனக்கு ஆபீஸ் வேலை இல்லையா? அதுக்குள்ள டீச்சர் புகுந்துட்டாங்க. வைஃபை கார்டு எரிஞ்சு போச்சாம். மெயின்லேண்டுல ஆர்டர் பண்ணி, கப்பல்ல வந்ததும் மாட்டணுமாம். எனக்கு வந்ததே கோபம். மீட்டிங்ல பெரிய அதிகாரி பேசிட்டிருக்கார், நான் மேஜைக்கு அடியில போனை வெச்சுக்கிட்டு டைப் அடிக்கறேன். கார்டும் எரியலை, ஒரு மண்ணும் எரியலை, கார்டை இயக்கற டிரைவர் சாஃப்ட்வேர் இல்லை, அவ்வளவுதான். செல்போனைக் கேபிள்ல சொருகி நெட் எடுங்க, டிரைவர் மேனேஜரைத் திறங்க, அது காட்டறதைப் போடுங்க, ரீஸ்டார்ட் பண்ணுங்கனு வரிசையா எழுதினேன். பின்னாடியே அப்ஸல், விஜயன்னு ஆளாளுக்கு வந்து டீச்சரை ஒரு பிடி பிடிச்சாங்க."

"அப்ப வேலை முடிஞ்சிடுச்சுல்ல?"

"முடிஞ்சுது. ஆனா இது முதல் தடவை இல்லை நளினி. பிரிண்டரைப் பத்தி இராமகிருஷ்ணன் அண்ணன் கேட்டப்போ, லினக்ஸ்ல பிரிண்டரே ஓடாதுன்னாங்க. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும். ஒவ்வொரு தடவையும் நான்தான் திருத்த வேண்டியிருக்கு."

அலுத்துக்கொண்டார். ஆனால் திருத்தி முடித்ததும் வந்து குவியும் கைகூப்புப் படங்கள் அவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது நளினிக்குத் தெரியும்.

சிவபிரகாஷ் போனை எடுத்து ஹுஸ்னாவை அழைத்தார்.

"மேடம், தெரியலைன்னா பேசாம இருந்துடலாமே. நீங்க ஒரு டீச்சர்."

"தப்புதான் சார்," என்றார் ஹுஸ்னா. "மருதாயி அக்காவுக்கு வேலை ஆயிடுச்சில்ல?"

"ஆச்சு. எங்களால ஆச்சு."

"அச்சா. அது போதும் சார்."

கொஞ்சமாவது மல்லுக்கு நின்றிருந்தால்கூடச் சிவபிரகாஷ் மனம் இறங்கியிருப்பார். இந்தப் பணிவு அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"உங்களை எடுத்துடலாம்னு இருக்கேன் மேடம்."

ஹுஸ்னா அதற்கும் குரலை உயர்த்தவில்லை.

"எடுக்காம இருந்தா நல்லாருக்கும் சார். லினக்ஸ் போட்டுப் பாருங்கனு நான் சொல்லித்தான் நிறைய பேர் குரூப்புக்கு வர்றாங்க. நான் இல்லைன்னா அவங்களுக்குக் கஷ்டமாயிடும். அப்புறம் உங்க இஷ்டம்."

போனை வைத்ததும் சிவபிரகாஷுக்குச் சிரிப்பு வந்தது. "கேட்டியா? இவங்க இல்லைன்னா கஷ்டமாம்."

"எடுக்கறதுன்னா எடுங்க," என்றாள் நளினி. "ரங்கத் அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அதுவும் சரிதான் என்று பட்டது. மருதாயியே புகார் சொல்லிவிட்டால் நாளைக்கு யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது. நளினிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம்மா, குரூப் அட்மின் சிவபிரகாஷ் பேசறேன். அப்ளிகேஷன் எல்லாம் போயிடுச்சா?"

"ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ் சார். கடைசியா நின்ன பொண்ணுக்கும் போட்டு அனுப்பிட்டேன். நீங்க நல்லா இருக்கணும்."

"சந்தோஷம். அந்த டீச்சர் பேச்சைக் கேட்டுக் கார்டு ஆர்டர் பண்ணிட்டுக் கடையைச் சாத்தியிருந்தீங்கன்னா என்ன ஆகியிருக்கும்? உங்களைக் குழப்பினதுக்கு அட்மின்ங்கற முறையில நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

மருதாயி சிரித்தாள்.

"எனக்கென்ன சார் குழப்பம். காலையில கேட்டேன். எல்லாரும் பாத்தீங்க, ஒருத்தரும் வாயைத் திறக்கலை. மத்தியானம் எனக்கு அழுகையே வந்துடுச்சு. அப்பத்தான் டீச்சர் போன் பண்ணாங்க. 'எனக்கும் இதுக்குப் பதில் தெரியாதுக்கா, தெரிஞ்சா சொல்லிடுவேன். இப்ப குரூப்ல ஒரு தப்பான பதில் போடறேன். அதை மட்டும் செஞ்சிடாதீங்க. என்னைத் திட்டறதுக்குனு ஆளுங்க ஓடி வருவாங்க, அவங்க சொல்றதைச் செய்யுங்க'ன்னாங்க."

நளினி கணவரைப் பார்த்தாள். அவர் ஸ்பீக்கரை அணைக்கத் தடவிக்கொண்டிருந்தார்.

"அவங்க சொன்னபடியே ஆச்சு சார்," என்றாள் மருதாயி. "முதல் ஆளா நீங்கதான் ஓடி வந்தீங்க."