குத்தோடு வரும் மூச்சு

கட்டைவிரலை உள்ளே மடக்காமல் முஷ்டி பிடிக்க வேதவல்லி குத்துச்சண்டை வகுப்பின் முதல் நாளே கற்றுக்கொண்டாள். இடுப்பைத் திருப்பிக் கையை நேராக விடவும் வந்துவிட்டது. மூச்சுதான் வரவில்லை.

"குத்தும்போது மூச்ச அடக்காதம்மா. பல்லக் கடிச்சினு உஸ்ஸுனு வுடு. அப்பதான் அடி எறங்கும்" என்றார் மாஸ்டர்.

சுற்றிலும் மற்ற பெண்கள் உஸ் உஸ்ஸென்று தொங்கும் மணல்மூட்டைகளைக் குத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் கழுத்து உள்ளே இழுத்துக்கொண்டது. வீட்டில் கணவன் அடிக்கும்போது அந்தச் சத்தம்தான் முதலில் வரும், கை பிறகுதான்.

கண்ணை மூடிக்கொண்டு அவளும் விட்டாள். உஸ். குத்து சரியாக விழுந்தது.

"அப்டித்தான்!" என்று மாஸ்டர் கைதட்டியபோது, அவள் தலையை இரு கைகளாலும் மூடிக்கொண்டு தரையில் குந்தியிருந்தாள். ஆடித் திரும்பிய மூட்டை தோளில் லேசாக இடித்தது.

"இனிமே செய்ய மாட்டேங்க" என்று அதனிடம் சொன்னாள்.